கோமுவுக்கு, மொன்செராட் பார்த்துவிட்டு

அன்புள்ள கோமு,

நீ எழுதி, உன் பேத்தி படமெடுத்து அனுப்பிய நான்கு பக்கங்களும் வந்து சேர்ந்தன. இரண்டாவது பக்கத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. முப்பது வருஷமாக உன் கையெழுத்தைப் படிக்கிறவளுக்கு அது ஒரு சிரமமா? மூட்டு அறுவை முடிந்து ஆறே வாரத்தில் வாசற்படி இறங்கி நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறதே என்று ஒரு நாள் நிறுத்தினால் மறுநாள் இரண்டு மடங்கு வலிக்கும். என் அக்கா பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

பரணைச் சுத்தம் செய்தபோது நம் எரிமலை கிடைத்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1991 கண்காட்சிக்காக நாம் இரண்டு பேரும் ராத்திரி கண் விழித்துக் காகிதக்கூழ் அரைத்துச் செய்தது! ஆப்ப சோடாவைப் போட்டு, எலுமிச்சைச் சாற்றில் சிவப்பு மை கலந்து ஊற்றினோம். நுரை பொங்கி வழிந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். 'பல்சிட்டக் கூம்பு எரிமலை' (சாம்பலும் குழம்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்து வளர்ந்த மலை) என்று நீதான் சீட்டு எழுதி ஒட்டினாய். ஒவ்வொரு தடவை பொங்கி முடிந்த பிறகும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் மலை பழையபடி நிற்கும், அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுபடி காட்டலாம். போன வாரம் நான் பார்த்த மலை அப்படிப்பட்டதில்லை கோமு. அதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

மகள் இருக்கும் ஆன்டிகுவா, கரீபியன் கடலில் ஒரு தாழ்வான, காய்ந்த தீவு. அதன் மிக உயரமான குன்றே 400 மீட்டர் சொச்சம்தான். ஆறு கிடையாது. குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுத்தது. அங்கிருந்து தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை மொன்செராட். பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. நீளம் 16 கிலோமீட்டர், அகலம் 11, பரப்பு சுமார் 102 சதுர கிலோமீட்டர். (இந்த 102-ஐ நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.) மருமகன் ஐந்து நாள் விடுப்புப் போட்டு எங்களை அழைத்துப் போனார். ஒரு குட்டி விமானம், இருபது நிமிஷப் பயணம்.

விமானத்திலிருந்து பார்த்தபோது தீவு முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தது. வடக்கிலிருந்து தெற்காக மூன்று மலைத்திரள்கள். வடக்குக் கோடியில் சில்வர் ஹில்ஸ், தேய்ந்து மழுங்கி, 400 மீட்டர் அளவில். நடுவில் சென்டர் ஹில்ஸ், அடர்பச்சை, 741 மீட்டர். தெற்கே மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, சாம்பல் நிறத்தில், புல்பூண்டு இல்லாமல் சூஃப்ரியேர் ஹில்ஸ். மூன்றும் எரிமலைகள்தான். சில்வர் ஹில்ஸ் உருவாகத் தொடங்கி இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்டர் ஹில்ஸ் அதற்குப் பின்னால் வந்தது, அதுவும் அடங்கி ஐந்து லட்சம் ஆண்டுகள் இருக்கும். சூஃப்ரியேர் இவற்றுக்கெல்லாம் கடைக்குட்டி, அதுதான் இன்னும் உயிரோடு இருக்கிறது. வடக்கே பாட்டி, நடுவே அம்மா, தெற்கே பேத்தி என்று வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது எனக்கு. அரிப்பு என்ற பாடத்தை நடத்த இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஒரே மாதிரி பிறந்த மலைகள், வயது ஏற ஏற எப்படிக் கரைகின்றன என்பதை ஒரே ஜன்னலில் பார்த்துவிடலாம்.

காரணம் நீயும் நானும் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்ததுதான். அட்லாண்டிக்கின் அடித்தரை வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் கரீபியன் தட்டின் கீழே அமிழ்கிறது. ஆழத்தில் அது விடும் நீர் மேலிருக்கும் பாறையை உருகவைக்க, அந்தக் குழம்பு மேலேறி வில்போல ஒரு தீவு வரிசையைக் கட்டியிருக்கிறது. நீவிஸ், மொன்செராட், குவாதலூப், டொமினிக்கா, மார்ட்டினிக் எல்லாம் அந்த வரிசைதான். ஆன்டிகுவாவும் ஒரு காலத்தில் எரிமலைதான், ஆனால் அது பழைய வரிசை. அணைந்து, தேய்ந்து, பாதி சுண்ணாம்புக்கல் மூடிவிட்டது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். செயல்படும், உறங்கும், தணிந்த என்று எரிமலைகளை மூன்றாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்தோம். நாம் அந்தக் காகிதக்கூழ் மலையைச் செய்த வருஷம் சூஃப்ரியேரை எந்தக் கட்டத்தில் போட்டிருப்போம்? உறங்கும் எரிமலை என்றுதான். 1632-இல் ஐரோப்பியர் குடியேறியதிலிருந்து அது ஒரு தடவைகூட வெடித்ததாகப் பதிவில்லை. ஆனால் தூக்கத்தில் புரண்டுகொண்டுதான் இருந்திருக்கிறது. 1897-98, 1933-37, 1966-67 என்று ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு ஒரு முறை தொடர் நிலநடுக்கங்கள். ஒவ்வொரு தடவையும் குழம்பு மேலே வரப் பார்த்து, வராமல் நின்றிருக்கிறது. 1980-களின் கடைசியில் இரண்டு ஆய்வாளர்கள் இந்த மலை வெடித்தால் தலைநகர் பிளிமத் தப்பாது என்று எழுதியே வைத்தார்கள். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் வந்து தீவில் கூரையுள்ள வீடே அனேகமாக இல்லாமல் செய்தது. அந்தக் களேபரத்தில் அறிக்கை பின்னால் போய்விட்டது. இடிந்த ஊரை அதே இடத்தில், அதே மலையடிவாரத்தில் திரும்பக் கட்டினார்கள். படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. சொன்னது யார் காதிலும் விழாததுபோல் போயிற்றே!

1995 ஜூலை 18 அன்று மலை விழித்தது. முதலில் நீராவியும் சாம்பலும். அப்புறம் சில மாதங்களில் குழம்பு வெளியே தலைகாட்டியது. இங்கேதான் நம் ஆப்ப சோடா எரிமலை தப்புப் பாடம் நடத்திவிட்டது கோமு. நாம் வழியவிட்டது ரசம் மாதிரி ஓடும் ஹவாய்க் குழம்பு. இந்த மலையின் குழம்பு ஆண்டிசைட். சிலிக்கா அதிகம், படு கெட்டி. கேழ்வரகுக் களியைக் கரண்டியால் தள்ளினால் எப்படி ஓடாமல் குவிந்து நிற்குமோ, அப்படி வாயிலேயே குவிந்து ஒரு குவிமாடமாக வளர்கிறது. வெளித்தோல் இறுகிக் கல்லாகிறது, உள்ளே நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு அடைபட்டுக் கிடக்கிறது. குவியல் செங்குத்தாகி நிற்க முடியாமல் ஒரு பக்கம் சரியும்போது, கல்லும் சாம்பலும் கொதிக்கும் வாயுவும் ஒன்றாகச் சேர்ந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் பள்ளத்தாக்கு வழியே இறங்குகிறது. முன்னால் ஓடித் தப்புவது அனேகமாக முடியாத காரியம்.

1997 ஜூன் 25 அன்று அப்படி இறங்கியதில் 19 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதிக்குள் போகக் கூடாது என்று அறிவித்திருந்தார்கள்தான். ஆனால் தீவின் நல்ல மண் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தது. பயிரை விட்டுவர மனசில்லாதவர்கள், தங்கும் முகாம் நெரிசல் தாங்காமல் வீட்டுக்குத் திரும்பியவர்கள். நிலத்தைக் கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு அந்த மனசு தெரியாதா என்ன? உன் அப்பா வெள்ளத்திலும் வயலைப் பார்க்கப் போனது எனக்கு ஞாபகம் வந்தது.

எங்களுக்கு வண்டி ஓட்டிய பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கிழக்குக் கரையில் ஜாக் பாய் ஹில் என்ற இடத்துக்கு முதலில் அழைத்துப் போனார். அங்கே நின்றால் பழைய விமான நிலையம் இருந்த இடம் தெரியும். அதுவும் 1997-இல் போனதுதான். இப்போதைய விமான நிலையம் வடக்கே ஒரு குன்றின் தலையைச் சீவிக் கட்டி, 2005-இல் திறந்தது. பெரியவர் கடற்கரையைக் காட்டி, "அலை அடிக்கிறது பாருங்கள், நான் சிறுவனாக இருந்தபோது அங்கே மீன் பிடித்தோம், தண்ணீர் இன்னும் இந்தப் பக்கம் இருந்தது" என்றார். நான் அவர் விரலையும் கரையையும் மாறிமாறிப் பார்த்தேன். அவர் சொன்ன இடம் இப்போது தரை. 2010 பிப்ரவரி 11 அன்று நடந்த சரிவு கடலுக்குள் பாய்ந்து கரையையே சில நூறு மீட்டர் வெளியே தள்ளிவிட்டது. அதற்குத் தெற்கே டார் ரிவர் பள்ளத்தாக்கின் வாயில் 1996-இலிருந்தே விசிறிபோல ஒரு புது நிலம் வளர்ந்து நிற்கிறது. ஆறு வண்டல் கொட்டி டெல்டா உண்டாக ஆயிரமாயிரம் ஆண்டுகள் என்று படித்தவள் நான். இங்கே ஒரு பகலில் நிலம் பிறந்திருக்கிறது. அந்த 102 சதுர கிலோமீட்டர் இருக்கிறதே, அது எந்த வருஷத்துக் கணக்கு என்று இனிமேல் கேட்காமல் விடமாட்டேன்.

உயரமும் அப்படித்தான். 'மொன்செராட்டின் மிக உயர்ந்த சிகரம் ______' என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் 1995 வரை சான்சஸ் பீக், 915 மீட்டர் என்று எழுதினால் முழு மதிப்பெண். அதன் பிறகு குவிமாடம் வளர்ந்து ஆயிரம் மீட்டரைத் தாண்டியது. 2003 ஜூலையில் ஒரே மூச்சில் 21 கோடி கன மீட்டர் சரிந்து கடலுக்குள் போனது, உச்சி காணாமல் போனது. மறுபடி வளர்ந்தது. 2006-இல் மறுபடி சரிந்தது. மறுபடி வளர்ந்தது. 2010-க்குப் பிறகு புதுக் குழம்பு வெளியே வரவில்லை, இப்போது பல இடங்களில் 1,050 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். மலை அடங்கிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஃபிளெமிங்ஸ் என்ற மேட்டில் எரிமலைக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. தீவின் தரை இன்னமும் மெல்ல மெல்ல உப்பிக்கொண்டிருப்பதை அவர்களுடைய ஜிபிஎஸ் கருவிகள் காட்டுகின்றன. கீழே எதுவோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை பிள்ளைகளுக்கு மலை உயரத்தைத் தப்பாக எழுதினாய் என்று மதிப்பெண் குறைத்திருப்பேன்! உயரத்துக்குப் பக்கத்தில் வருஷத்தையும் எழுது என்று ஒருநாளும் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் நாள் பிளிமத் போனோம். அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, அவர் கையில் ரேடியோ இருக்க வேண்டும், எந்த நிமிஷமும் திரும்பி வரச் சொல்லலாம். அந்த ஊர் இருந்தது மலைக்கு மேற்கே. அங்கே வருஷம் முழுக்கக் காற்று கிழக்கிலிருந்துதான் வீசும். காற்று மறைவில், அமைதியான கடல் பார்த்து, கப்பல் நிற்க வசதியாக ஊரை அமைத்தார்கள். புத்திசாலித்தனமான தேர்வுதான். ஆனால் மலை வெடித்ததும் அதே காற்று சாம்பலையெல்லாம் கொண்டுவந்து ஊரின் தலையில் கொட்டியது. 1997 ஆகஸ்டில் நெருப்பும் கல்லும் தெருவுக்குள்ளேயே இறங்கின. இப்போது வீடுகளின் மேல்மாடி மட்டும் தெரிகிறது. நாம் நடப்பது கூரை உயரத்தில். இன்றைக்கும் காகிதத்தில் அதுதான் தலைநகரம். அலுவலகங்கள் வடக்கே பிரேட்ஸ் என்ற ஊரில் நடக்கின்றன, லிட்டில் பேயில் புதிதாக ஊர் கட்டுகிறார்கள்.

மேட்டில் கைவிடப்பட்ட ஒரு விடுதிக்குள் நுழைந்தோம். நீச்சல் குளம் விளிம்பு வரை சாம்பலால் நிரம்பி, அதில் புதரும் செடியும் முளைத்திருந்தன. அலுவலக மேசையில் கணக்குப் புத்தகம் திறந்தபடி. ஒரு பக்கத்தை விரலால் தொட்டேன். சாம்பல் திருநீறு மாதிரி வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, நறநறவென்று கண்ணாடித் தூள்போலக் குத்தியது. நுரையீரலுக்குக் கெடுதலான சிலிக்காப் படிகம் அதில் கலந்திருக்கிறது, அதனால் முகத்துணியை எடுக்கவே கூடாது என்றார் வழிகாட்டி. வெளியே கிடந்த ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளிர்சாம்பல் நிறம், அதில் அரிசி நொய்போல வெள்ளைப் பொடிப்படிகங்கள், நடுநடுவே கறுப்பாக ஊசிமுனைகள் மின்னின. அந்தக் கறுப்பு, ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம். பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகளுக்குக் காட்டிய ஆண்டிசைட்டுக்கு என்ன வயது என்று நமக்குத் தெரியாது. என் கையிலிருந்த கல்லுக்கு வயது என் மகளைவிடக் குறைவு.

திரும்பும் வழியில் பெல்ஹாம் பள்ளத்தாக்கு. பெரிய மழை பெய்தால் மலைமேல் கிடக்கும் சாம்பலும் கல்லும் சேறாகி, சிமென்ட் கலவை மாதிரி அடித்துக்கொண்டு வரும். கோல்ஃப் மைதானம் ஒன்றையும் ஒரு பாலத்தையும் அது புதைத்துவிட்டது. "நாம் பாலத்துக்கு மேலேதான் போகிறோம்" என்று பெரியவர் சொன்னபோது எனக்குப் பாலம் எதுவும் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, அது எங்கள் சக்கரத்துக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. அவருடைய வீடும் அந்தப் பள்ளத்தாக்குக்கு அப்பால்தான் இருந்ததாம். கையை நீட்டிக் காட்டினார், அவ்வளவுதான், மேலே பேசவில்லை. நானும் கேட்கவில்லை. 1995-க்கு முன் பதினோராயிரம் பேர் இருந்த தீவு. இன்று ஐயாயிரத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டோர் இங்கிலாந்துக்கும் ஆன்டிகுவாவுக்கும் போய்விட்டார்கள். வந்த சேற்றுமணலை இப்போது அள்ளிப் பக்கத்துத் தீவுகளுக்குக் கட்டட வேலைக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள். பிளிமத்தின் பழைய இறங்குதுறை அதற்குத்தான் பயன்படுகிறது.

வடக்குப் பாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தீவு முழுக்கச் சாம்பல்தான் என்று நினைத்துக்கொள்வாய். சென்டர் ஹில்ஸ் முழுவதும் காடு. கிழக்குக் காற்று அதில் மோதி மேலேறி மழையாகக் கொட்டுகிறது, நாம் நடத்திய அதே மலைத்தடுப்பு மழை. அந்தத் தண்ணீரை எரிமலைப் பாறை உறிஞ்சி ஊற்றாக விடுகிறது. தீவுக்கே குடிநீர் அதுதான். மலைச்சரிவில் தண்ணீர் அறுத்த ஓடைப் பள்ளங்களை இங்கே 'கட்' என்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் 'Ghaut' என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். பழைய வெள்ளைக்காரர் வரைபடங்களில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 'காட்ஸ்' என்று ஓர் எழுத்துக்கூட்டு இருக்குமே, எழுத்துக்கு எழுத்து அதேதான்! ரன்அவே கட் என்ற ஓடையருகே சாலையோரம் ஊற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் திரும்பத் திரும்ப இந்தத் தீவுக்கு வருவார் என்பது ஊர் நம்பிக்கை. மகள் ஒரு மடக்கு, நான் இரண்டு கை நிறைய. குற்றாலத் தண்ணீரின் குளிர்ச்சி இருந்தது, கூடவே கொஞ்சம் இரும்பு ருசி.

இந்தத் தீவில் மட்டுமே வாழும் மொன்செராட் ஓரியோல் பறவை ஒன்றைப் பார்த்தேன். ஆண் பறவை, கறுப்பு உடம்பு, வயிறு மாம்பழ மஞ்சள். வாழையைப் போன்ற ஹெலிகோனியா இலையின் அடியில் கூடு கட்டுமாம். அதன் காட்டில் பெரும்பகுதி தெற்கே எரிந்துபோக, மிச்சம் பெரும்பாலும் இந்த மலைதான். மலைக்கோழி என்று பெயர் வைத்த ஒரு பெரிய தவளையும் உண்டு, உலகத்திலேயே இங்கேயும் டொமினிக்காவிலும் மட்டும்தான். எரிமலைக்குத் தப்பிய அது 2009-இல் வந்த பூஞ்சை நோய்க்குத் தப்பவில்லை, அனேகமாக அழிந்தேவிட்டது. ராத்திரி முழுக்கக் குட்டி மரத்தவளைகள் விசிலடித்தபடி இருந்தன. நான் தூங்காமல் அந்தப் பெரிய தவளையின் குரல் எங்காவது கேட்காதா என்று காத்துக்கிடந்தேன். கேட்கவில்லை.

கல் ஒன்று உனக்குக் கொண்டுவர ஆசைதான், விமானத்தில் எடைப் பிரச்சினை என்று மருமகன் தடுத்துவிட்டார். பொடிசாக ஒன்றை மட்டும் கைப்பையில் போட்டிருக்கிறேன், மார்ச்சில் ஊருக்கு வரும்போது தருகிறேன். பரணில் கிடைத்த நம் மலையை எடைக்குப் போட்டுவிடாதே. அதன் உச்சியை மட்டும் ஈரப்படுத்தி எடுத்துவிடு. புதுக் காகிதக்கூழில் ஒரு குவிமாடம் செய்து, தனியாகக் கழன்று விழுகிற மாதிரி வைக்கலாம். பேத்தியைக் கூட வைத்துக்கொள், கை வலிக்காமல் வேலை நடக்கும்.

கூடவே தீவின் எல்லைக்கோட்டை நானே பார்த்து வரைந்து அனுப்புகிறேன். உன் அட்லஸ் பெரிதாக இருக்கிறதே, அதோடு ஒப்பிட்டு மற்றதெல்லாம் மையில் வரைந்துகொள். கிழக்குக் கரையைப் பென்சிலிலேயே விட்டுவை.

அன்புடன்,
உன் சரசு